மாங்கன்றுக்குக் குதிரையின் பச்சை லத்தி போடலாமா?

குதிரை லாயத்திலிருந்து கொண்டுவந்த லத்தியை அன்றைக்கே மா, முந்திரிக் கன்றுகளின் தூரில் குவித்தீர்கள்; இப்போது இலை ஓரம் கருகுகிறது, புல்லும் முளைக்கிறது என்கிறீர்கள். பச்சை லத்தியின் வேலைதான் அது. முதலில் குவியலைத் தூரிலிருந்து ஒரு முழம் தள்ளி இழுத்துவிட்டு, நன்றாகத் தண்ணீர் விடுங்கள்.

மீதியை நிழலில் குவித்து, ஈரம் காயாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். நடுவில் இரும்புக் கம்பியைச் செருகி எடுத்தால் கை சுட வேண்டும். அந்தச் சூட்டில்தான் புல் விதை சாகும். மாட்டைப் போலக் குதிரை அசைபோடாது, பல விதைகள் முழுதாகவே வெளியே வந்துவிடும். மூன்று நான்கு மாதத்தில் மண்வாசனை வந்ததும் போடலாம். லாயத்தில் விரித்த மரத்தூள் அதிகம் கலந்திருந்தால் இன்னும் நாளாகும்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் லத்தியைத் தொடாதீர்கள், அதில் டெட்டனஸ் கிருமி இருக்கக்கூடும்.