பரிணாம உயிரியலைக் கொண்டு பொருளாதாரத்தை விளக்க முடியுமா?

முடியும் என்றே நான் நினைக்கிறேன். டார்வின் 1838-இல் பொருளியலாளர் மால்தஸின் மக்கள்தொகைக் கட்டுரையைப் படித்த பிறகுதான், சூழலுக்குப் பொருந்திய உயிர்களே பிழைத்துப் பெருகும் என்ற இயற்கைத் தேர்வுக் கருத்தை எட்டினார். ஆகவே இவ்விரு துறைகளின் கொடுக்கல் வாங்கல் மிகப் பழையது. ஆனால் 'வலுத்தது வாழும்' என்ற முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஏழ்மைக்கு நியாயம் கற்பிப்பவர்களை என்னால் ஏற்க முடியாது.

எனக்கு உதவியது, உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் 1971-இல் எழுதிய கைம்மாறுக் கோட்பாடு. இரத்த உறவில்லாத இருவர் மீண்டும் மீண்டும் சந்திப்பவர்களாகவும், பெற்றதை மறவாதவர்களாகவும், திருப்பித் தராதவரை அடையாளம் காணக்கூடியவர்களாகவும் இருந்தால், தன் இழப்பில் பிறருக்கு உதவும் குணம் தலைமுறை தாண்டியும் நிலைக்கும் என்றார் அவர். கோஸ்டாரிகாவின் இரத்தம் குடிக்கும் வௌவால்களில், இரை கிடைக்காமல் திரும்பிய வௌவாலுக்கு வயிறு நிறைந்த இன்னொரு வௌவால் தான் குடித்ததைக் கக்கி ஊட்டுவதை உயிரியலாளர் ஜெரால்ட் வில்கின்சன் 1984-இல் எடுத்துக்காட்டினார்.

இதைப் படித்தபோது எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்து மொய்தான் நினைவுக்கு வந்தது. காதணி விழாவில் பந்தல் வாசலில் மேசை போட்டு இருவர் அமர்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை எண்ணித் தாம்பாளத்தில் வைக்க, மற்றவர் ஊர், தகப்பனார் பெயர், தொகை என்று நீள நோட்டில் எழுதுவார். அந்தப் பணத்தில் விழா வீட்டார் கடனை அடைப்பார்கள், கிணற்றை ஆழப்படுத்துவார்கள், கடை வைப்பார்கள். பத்திரமும் கிடையாது, ஈடும் கிடையாது. வாங்கியதோடு கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்யாதவர் வீட்டு விசேஷத்தில் பந்தி காலியாகக் கிடக்கும் என்ற அச்சமே போதுமானதாக இருக்கிறது.

எனினும் ஓரிடத்தில் உயிரியலின் ஒப்புமை நின்றுவிடுகிறது. வௌவால் இறந்தால் அதன் கணக்கும் முடிந்துவிடும். மனிதர்களின் பொருளியல் வாழ்விலோ கற்றதும் எழுதிவைத்ததும் மரபணுவின் துணையின்றியே அடுத்தவர் கைக்குப் போகின்றன. வெற்றி பெற்ற நிறுவனத்தைப் பிற நிறுவனங்கள் பார்த்துப் பின்பற்றுவதைச் சந்தைத் தேர்வின், அதாவது எந்த நிறுவனம் நிலைக்கும் என்பதைச் சந்தையே தீர்மானிப்பதன், முக்கிய அங்கமாகப் பொருளியலாளர் ஆர்மன் அல்ச்சியன் 1950-இலேயே கருதியதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

அப்பா இறந்தபின் அவருடைய மொய் நோட்டு என்னிடம் வந்தது. போன ஆவணியில், அதுவரை நான் பார்த்தே இராத ஒரு செக்கானூரணிக் குடும்பத்தின் கல்யாணத்துக்குப் போனேன்; 1998-இல் என் காதணி விழாவுக்கு அவர்கள் 101 ரூபாய் செய்திருந்ததாக அப்பாவின் கையெழுத்தில் இருந்தது. 501 ரூபாய் கொடுத்து, அப்பா பெயரிலேயே எழுதச் சொன்னேன்.