தொப்பூரிலிருந்து எண்ணுங்கள், டீச்சர்

தம்பிக்கு வணக்கம்.

பெயரைப் போட வேண்டாம், அஸ்தம்பட்டிக்காரி என்றால் போதும். உங்களைவிட மூத்தவள், அந்த உரிமையில்தான் தம்பி. வயது 62. கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனேன். அதில் 11 வருஷம் ஏற்காட்டில். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மாருதி 800 வாங்கி தினமும் மலை ஏறி இறங்கியவள்.

நவம்பரிலிருந்து டொராண்டோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். எதிர்வீட்டு அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். பனி ஆரம்பிக்கும்போது காரை எடுத்துக்கொண்டு ஃபுளோரிடா போனால் ஏப்ரலில்தான் திரும்புவார். போக வரத் தனியாகத்தான். போன தடவை வந்திருந்தபோது அவர் வந்து இறங்கியதைப் பார்த்தேன். மூட்டை முடிச்சை இறக்கி வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்குள் ஒரு அரிப்பு.

டில்லியில் இருக்கும் என் தம்பிக்கு வெளிநாட்டு மாற்றல் வந்திருக்கிறது. அவனுடைய 9 வருஷப் பெட்ரோல் காரை என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறான். டில்லியில் இறங்கி, அதை நானே ஓட்டிக்கொண்டு சேலம் வரலாம் என்று நினைக்கிறேன். மருமகன் எக்செலில் அட்டவணை போட்டுத் தந்திருக்கிறார், நாலு நாள், இணைத்திருக்கிறேன். மகளோ பேசுவதையே நிறுத்திவிட்டாள். "காரை லாரியில ஏத்தி விடு, நீ ஃபிளைட்ல போ" என்பது அவள் கட்சி. சித்திரை ஒண்ணுக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும். நீங்கள் ரோட்டைப் பற்றி எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். இது கிறுக்குத்தனமா?

அஸ்தம்பட்டி வாசகி

*

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் கிளம்புவதில் கிறுக்குத்தனம் எதுவும் இல்லை. அட்டவணையில்தான் இருக்கிறது. மருமகன் நல்ல பிள்ளை, அக்கறையாகப் போட்டிருக்கிறார், ஒவ்வொரு டோல்கேட்டுக்கும் ஒரு கட்டம். ஆனால் டில்லியில் ஆரம்பித்து சேலத்தில் முடித்திருக்கிறார். நீங்கள் சேலத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

ஏனென்றால் வழியில் திட்டமிட ஒன்றுமே இல்லை. டில்லியில் பிடிக்கிற என்.எச். 44 நேராக நம்மூருக்கு வருகிறது. நம் லாரிக்காரர்களில் வயசானவர்கள் இன்னும் என்.எச். 7 என்றே சொல்வார்கள். யமுனை, சம்பல், நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்திரை, கடைசியில் காவேரிப்பட்டணத்தில் தென்பெண்ணை என்று வரிசையாகத் தாண்டி வந்து, கருப்பூரில் பைபாஸை விட்டால் மாமாங்கம், ஐந்து ரோடு, உங்கள் வீடு. சுமார் 2,350 கி.மீ. எதிர்வீட்டு அம்மா மயாமியிலிருந்து டொராண்டோ வந்தாலும் ஏறக்குறைய இதே தூரம்தான். ஆனால் அவர் ரோட்டில் எதிர்த்திசையில் டிவிஎஸ் 50 வராது. சென்டர் மீடியனில் ஊர்க்காரர்கள் உடைத்து வைத்த சந்து வழியாக எருமை வராது. அவர் ஒரு நாளில் ஓட்டுவதில் பாதியை நீங்கள் ஓட்டினால் போதும்.

இப்போது அட்டவணையின் நாலாம் நாளைப் பாருங்கள். ஐதராபாத்தில் காலை 6, சேலத்தில் இரவு 9. 770 கி.மீ. அப்படியானால் தர்மபுரி தாண்டி வரும் தொப்பூர் கணவாய்க்கு நீங்கள் வந்து சேர்வது எட்டு, எட்டேகாலுக்கு. நாலு நாள் ஓட்டிய களைப்பு, இருட்டு, "இதோ வீடு வந்துருச்சு" என்ற நினைப்பு. மூன்றும் சேர்ந்து அந்த இறக்கத்தில் இறங்கக் கூடாது.

நீங்கள் அந்த வழியில் பெங்களூர் போய் வந்திருப்பீர்கள், பெரும்பாலும் பக்கத்து சீட்டில். ஓட்டும்போது அது வேறு. பாளையம் டோல்கேட்டைத் தாண்டியதும் ரோடு அகலமாக, வழவழவென்று இருக்கும். இறங்குகிறோம் என்றே உடம்புக்குத் தெரியாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் முள் எண்பதை விட்டு இறங்காது, அப்போதுதான் உறைக்கும். உங்களுக்குப் பின்னால் வடக்கிலிருந்து முழு பாரத்தோடு வருகிற லாரி, டீசல் மிச்சமாகட்டும் என்று நியூட்ரலில் விட்டிருக்கும். பிரேக்கையே மிதித்து மிதித்து, இரட்டைப் பாலம் வருவதற்குள் லைனர் சூடேறி பிடிப்பு போய்விடும். 2024 ஜனவரியில் அந்தப் பாலத்தில் நடந்த விபத்தின் சிசிடிவி காட்சி டொராண்டோ வரைக்கும் வந்திருக்கும். முன்னால் போன வண்டிகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்த நேரத்தில் அங்கே இருந்தன, அவ்வளவுதான்.

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவிலும் செகண்ட் கியரில் இறங்கியவருக்கு நான் இறக்கம் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்கே வளைவே உங்களை விழிக்க வைக்கும். இங்கே அந்தத் தயவு கிடையாது, நீங்களாகக் கியரைக் குறைக்க வேண்டும். டோல்கேட் தாண்டியதும் மூன்றாவதுக்கு வந்துவிடுங்கள். இரண்டு லாரிக்கு நடுவில் மாட்டாதீர்கள். முன்னால் பார்ப்பதற்குச் சமமாகக் கண்ணாடியில் பின்னாலும் பாருங்கள். ஏ.சி.யை அணைத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் லைனர் கருகும் வாடை வரும். வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி அந்த வண்டியைப் போக விடுங்கள். இதெல்லாம் காலை பத்து மணி வெளிச்சத்தில், தூங்கி எழுந்த தெளிவோடு செய்ய வேண்டிய வேலை.

ஆக, தொப்பூரில் காலை 10. அதற்குக் கிருஷ்ணகிரியில் எட்டரைக்கு இட்லி. அதற்குப் பெங்களூரை ஆபீஸ் கூட்டம் கிளம்பும் முன் தாண்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தின ராத்திரி சிக்கபள்ளாப்பூரில் தூங்கி, ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். அன்று மாலை எல்லோரும் போன் போடுவார்கள். "பெங்களூர் வந்தாச்சு, இன்னும் நாலு மணி நேரம்தானே, ஓட்டிட்டு வந்துருங்க, எதுக்கு ரூம் வாடகை?" இந்தப் பயணத்தில் உங்களுக்கு ஏற்படும் ஒரே நிஜமான சபலம் அதுதான். ரூம் போடுங்கள்.

இன்னும் பின்னால் போவோம். சிக்கபள்ளாப்பூருக்கு முந்தின ராத்திரி கர்னூல். நடுவில் 300 கி.மீ., காலாட்டிக்கொண்டு ஓட்டலாம். கர்னூலுக்கு முன்னால் நிர்மல். இதுதான் இருப்பதிலேயே நீளமான நாள், 425 வரும். ஐதராபாத்துக்குள் நுழையாமல் வெளிவட்டச் சாலையில் சுற்றிவிடுங்கள். பிரியாணியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிர்மலுக்கு முன்னால் நாக்பூர், அங்கே இரண்டு ராத்திரி. நடு நாளில் சாவியைத் தொடாதீர்கள். துணி துவையுங்கள், ஆரஞ்சு சாப்பிடுங்கள், காரை ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதற்கு முன்னால் சாகர், அதற்கும் முன்னால் குவாலியர். டில்லி கிளம்பிய முதல் நாள் குவாலியரோடு சரி. 320 கி.மீ.தான் ஆகியிருக்கும், இன்னும் ஓட்டலாமே என்று தோன்றும். தோன்றட்டும். மத்தியப் பிரதேச சுற்றுலாக் கழகத்தின் விடுதி அங்கே இருக்கிறது.

சாகரிலிருந்து நாக்பூர் வரும் நாள்தான் பார்க்கத் தகுந்த நாள். சாகர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கடகரேகையைக் கடக்கிறீர்கள். கணக்கு டீச்சருக்கு அது போதாதா? பர்மானில் நர்மதைப் பாலம். சிவனி தாண்டினால் பெஞ்ச் காடு. புலி ரோட்டைக் கடக்கத் தொல்லையாக இருக்கக் கூடாது என்று ரோட்டையே தூக்கிப் பாலமாகக் கட்டியிருக்கிறார்கள், 750 மீட்டர் நீளத்துக்குக்கூட ஒரு பாலம் உண்டு. மேலே நாம், கீழே அது. வெளிச்சமும் சத்தமும் காட்டுக்குள் போகாமல் பக்கவாட்டில் அடைத்திருப்பதால் உங்களுக்குப் புலியும் தெரியாது, காடும் சரியாகத் தெரியாது. எனக்கு இந்த ஏற்பாட்டில் முழு சம்மதம்.

டில்லியிலிருந்து மொத்தம் எட்டு நாள் ஆகிறது. மருமகனின் நாலு நாளுக்கு இரண்டு மடங்கு. அவருக்கு எரிச்சல் வரும்.

இப்போது டில்லி. இறங்கிய மறுநாளே கிளம்புவதாக அட்டவணையில் இருக்கிறது. டில்லியில் மதியம் 2 மணி என்றால் மார்ச் நடுவில் டொராண்டோவில் விடிகாலை 4.30. அந்த நேரத்தில் உங்கள் உடம்பு தூங்கத்தான் பார்க்கும். அதுவும் நேரான ரோடு, ஏ.சி. குளிர், மதியச் சாப்பாடு. தம்பி வீட்டில் முழுசாக ஒரு வாரம் இருங்கள். அந்த வாரத்தில் தினமும் காலையில் ஒரு மணி நேரம் அந்தக் காரை ஓட்டுங்கள். கனடாவில் ஐந்து மாதம் வலப்பக்கம் போகிற வண்டிகளைப் பார்த்த கண் உங்களுடையது. நெரிசலில் தப்பு நேராது, முன்னால் போகிறவன் பின்னால் போய்விடுவீர்கள். ஆளில்லாத விடியலில் பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போதுதான் கை தானாகத் தப்பான பக்கம் திரும்பும்.

சித்திரை ஒண்ணு என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள். ஏப்ரல் நடுவில் நாக்பூர், அதிலாபாத் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பனியிலிருந்து நேராக அதற்குள் போக வேண்டாம். மார்ச் 31 சேலம் என்று வையுங்கள். டில்லி கிளம்புவது 24, டில்லியில் இறங்குவது 17. விமான டிக்கெட்டின் தேதி இப்படித்தான் வர வேண்டும், தொப்பூரிலிருந்து எண்ணி. அந்த வருஷம் ஹோலி எந்தத் தேதி என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரா வழியாகத்தான் போகிறீர்கள். ஹோலிக்கு முந்தின ஒரு வாரம் அந்தப் பக்கம் கலர்ப்பொடியும் கூட்டமும்தான்.

பெண்கள் எழுதினால் நான் தவறாமல் சொல்கிற ஒன்று உண்டு. பாத்ரூம் கிடைக்காது என்று தண்ணீர் குடிக்காமல் ஓட்டாதீர்கள். நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். வெயிலில் அது தலைவலியில் ஆரம்பித்து தலைசுற்றலில் முடியும். பெட்ரோல் பங்க்கில் கழிப்பறை, குடிநீர், காற்று மூன்றும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. பெட்ரோல் போட்டாலும் போடாவிட்டாலும் கேளுங்கள். கம்பெனியே நேரடியாக நடத்தும் பெரிய பங்க்குகளில் சுத்தமாக இருக்கும். இருட்டுவதற்கு முன், ஐந்து மணிக்கெல்லாம், ரூமில் இருங்கள். கார் கேட்டுக்குள் நிற்க இடம் உண்டா என்று ரூமைப் பார்ப்பதற்கு முன் கேளுங்கள்.

நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தனியாக இருக்கப் போவதில்லை. நாக்பூரைத் தாண்டி ஏதோ ஒரு தாபாவில் டி.என். 52, டி.என். 28 என்று நம்பர் பிளேட் தெரியும். சங்ககிரி வண்டி, நாமக்கல் வண்டி. அங்கே நிறுத்துங்கள். "எந்த ஊருங்கக்கா?" என்று அவர்களே கேட்பார்கள். அஸ்தம்பட்டி என்று சொன்னால் போதும், முன்னால் எங்கே ரோடு வேலை நடக்கிறது, எந்த பைபாஸில் போலீஸ் நிற்கிறது, எந்தக் கடையில் சோறு கிடைக்கும் எல்லாம் வந்துவிடும். கூகுள் மேப்புக்கு இவ்வளவு தெரியாது. வண்டி மக்கர் செய்தால் நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தம்பி வெளிநாடு கிளம்புவதற்கு முன் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்றுக்கான படிவம் 28, பெயர் மாற்றத்துக்கான 29, 30 எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். போன பிறகு பிடிப்பது கஷ்டம். வேறு மாநில வண்டியைப் பதிவு மாற்றாமல் 12 மாதம் வரை இங்கே ஓட்டலாம், ஆனால் பெயர் மாற்றத்துக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. ஃபாஸ்டேக் அவர் போன் நம்பரில் இருக்கும், அந்த நம்பர் செத்துப்போனால் இருப்புத் தொகை தெரியாது. உங்கள் நம்பரும் அப்படித்தான். பிரீபெய்டு சிம்மை 90 நாள் தொடாமல், காசும் இல்லாமல் வைத்தால் துண்டித்துவிடுவார்கள். இன்றே எடுத்து ரீசார்ஜ் செய்யுங்கள். கார் இன்ஷூரன்ஸில் இருக்கும் தனிநபர் விபத்துக் காப்பீடு உரிமையாளர் ஓட்டினால்தான் செல்லும். வண்டி தம்பி பெயரில் இருக்கும்வரை உங்களுக்கு அது கிடையாது, தனியாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. லைசென்ஸ். 55 தாண்டியவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் 5 வருஷத்துக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள். உங்களுக்கு 62. நீங்கள் கனடாவில் இருக்கும்போதே தேதி முடிந்திருக்கலாம். முடிந்த லைசென்ஸோடு ஓட்டி ஏதாவது நடந்தால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். முடியப்போகிற தேதிக்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். முடிந்து ஒரு வருஷம் ஆகிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். இதைப் படித்து முடித்ததும் கைப்பையிலிருந்து கார்டை எடுத்துப் பாருங்கள். தேதி முடிந்திருந்தால் டில்லிக்கு டிக்கெட் போடாதீர்கள், சென்னைக்குப் போடுங்கள். சேலத்தில் டாக்டர் சர்டிபிகேட் வாங்கிப் புதுப்பித்துக்கொண்டு டில்லிக்கு ரயில் ஏறலாம். அதற்குள் வெயில் ஏறிவிடும் என்று தோன்றினால், இந்த வருஷம் காரை லாரியில்தான் ஏற்ற வேண்டும், மகளிடம் சொல்லிவிடுங்கள், பேச ஆரம்பிப்பாள். தேதி என்ன என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.