நெக்-த்ரூ பேஸ்: யார் தொடங்கியது, யாருக்குத் தேவை?

இந்த இதழின் வாசகர் கேள்விகள் எல்லாமே பேஸ் கிட்டார் பற்றியவை. சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கடிதங்களில், நெக்கும் (கருவியின் கழுத்து) பிக்கப்பும் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் காந்தமும் சுருளும்) தொடர்பானவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். நெக் மரமே பாடியின் கடைசி வரை ஓடினால் அது நெக்-த்ரூ; தனியாகச் செய்த நெக்கை ஸ்க்ரூ போட்டுப் பிடித்தால் அது போல்ட்-ஆன்.

நெக்-த்ரூ பேஸை முதலில் செய்தது ரிக்கன்பேக்கர் என்கிறார் எங்கள் சர்ச் கிட்டாரிஸ்ட். இல்லை, லெஸ் பால் என்கிறார் கீபோர்டுக்காரர். யார் சொல்வது சரி?
– சூரமங்கலம் வாசகர்

கிட்டாரிஸ்ட் சொல்வது முக்கால்வாசி சரி. கீபோர்டுக்காரர் சொல்வது கால்வாசி.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் 1930களின் நடுவிலேயே ஆடியோவாக்ஸ் 736 என்ற பேஸைச் செய்து விற்றார். ஆள் உயர டபுள் பேஸைச் சுமக்க முடியாதவர்களுக்காக ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதியும் உலோகக் கம்பி) அடித்து, கிட்டார் போலக் குறுக்கே பிடித்து வாசிக்கும்படி செய்த கருவி அது. பிக்கப் ஒன்று, குமிழ் ஒன்று. அதிலேயே நெக் மரம் பாடிக்குள் ஊடுருவிப் போகிறது. ஆனால் அந்தக் கருவி ஊர் தாண்டிப் பரவவில்லை.

லெஸ் பால் 1940ஐ ஒட்டிச் செய்தது கிட்டார்; பேஸ் இல்லை. 4 அங்குலச் சதுரப் பைன் கட்டையில் நெக்கைப் பொருத்தி, உள்ளே கூடாக இருக்கும் ஒரு கிட்டாரை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டினார். நெக் தனியாக வந்து சேர்ந்ததுதான் என்பதால் அதை முழு நெக்-த்ரூ என்று சொல்ல மாட்டோம். நடுவில் கட்டை, பக்கங்களில் இறக்கை என்ற அமைப்பு மட்டும் அதில் இருக்கிறது. 1948ல் மெர்ல் டிராவிஸுக்காக பால் பிக்ஸ்பி செய்த கிட்டாரில்தான் நெக் மரமே கடைசி வரை ஓடியது.

1951ல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் வந்தது. 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), நெக்கைப் பிடிக்க நாலு ஸ்க்ரூ. லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை நடத்தியவர். கெட்டால் கழற்று, புதுசை மாட்டு என்பது அவருடைய புத்தி. அதற்கு நேர் எதிர்ப்பக்கம் ரோஜர் ராஸ்மைசல். ஜெர்மனியில் கிட்டார் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அவர் வடிவமைத்து 1957ல் வந்த ரிக்கன்பேக்கர் 4000தான் தொழிற்சாலை அளவில் வெற்றி பெற்ற முதல் நெக்-த்ரூ பேஸ். இரண்டு பிக்கப்போடு 4001 வந்தது 1961ல். 1963ல் கிப்சன், ரே டீட்ரிச் என்ற கார் வடிவமைப்பாளரைக் கொண்டு தண்டர்பேர்டை இறக்கியது. அதுவும் நெக்-த்ரூ. இரண்டே வருடத்தில் அந்த வடிவத்தை மாற்றி, நெக்கை ஒட்டும் முறைக்குத் திரும்பிவிட்டார்கள்.

இன்றைக்கு நெக்-த்ரூ என்றதும் நினைவுக்கு வருகிற பல அடுக்கு மரமும் பேட்டரி போட்ட ஆக்டிவ் சர்க்யூட்டும் 1970களின் தொடக்கத்தில் அலெம்பிக் பட்டறையில் சேர்ந்தவை. மரத்துக்கு ரிக் டர்னர், மின்னணுவுக்கு ரான் விக்கர்ஷாம். ஸ்டான்லி கிளார்க் கையில் அது உலகம் சுற்றியது.

நெக்-த்ரூ வாங்கினால் சஸ்டெய்ன் (நாதம் நீடிக்கும் நேரம்) இரண்டு மடங்கு என்கிறார் கடைக்காரர். உண்மையா?
– அஸ்தம்பட்டி வாசகர்

இல்லை. நல்ல இறுக்கமான போல்ட்-ஆன் நெக்கும் அதே அளவு நீடிக்கும். ஜி கம்பியில் 5லிருந்து 7ஆம் ஃப்ரெட்டுக்குள் சத்தம் சட்டென்று செத்துப்போகிற இடம் நெக்-த்ரூவிலும் உண்டு. கையில் உள்ள பேஸில் நாதம் சீக்கிரம் அடங்கினால் முதலில் பிக்கப் உயரத்தைப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு அளக்கும்போது ஈ கம்பிப் பக்கம் 3 மி.மீ., ஜி கம்பிப் பக்கம் 2.5 மி.மீ. இருக்க வேண்டும். இதைவிட நெருங்கினால் காந்தமே கம்பியைப் பிடித்து இழுக்கும். சுருதி அலையும், நாதமும் குறையும். நெக்-த்ரூவின் நிஜமான லாபம் மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை தடையில்லாமல் போவதும், 80 கிலோவை ஒட்டிய கம்பி இழுவிசையை ஒரே மரம் தாங்குவதும்தான். சத்தத்தின் குணம் பெரும்பாலும் பிக்கப்பும் அது உட்கார்ந்திருக்கும் இடமும் சம்பந்தப்பட்டது.

பழைய ரிக்கன்பேக்கர் படங்களில் கம்பிக்கு மேலே வளைந்து நிற்கும் இரும்பு என்ன? கைப்பிடியா?
– ஓமலூர் வாசகர்

காந்தம். இரண்டு லாட வடிவக் காந்தங்கள் எதிரெதிரே நின்று கம்பிகளைச் சூழ்ந்திருக்கும். காயில் (கம்பிச் சுருள்) கீழே இருக்கும். ஜார்ஜ் போஷாம்ப் 1931ல் செய்து பார்த்து, 1937ல் பேட்டன்ட் பெற்ற அமைப்பு இது. மடியில் கிடத்தி வாசிக்கும் ஸ்டீல் கிட்டாருக்கு அது சரி. பேஸில் கை வைக்க வேண்டிய இடத்தில் இரும்பு நின்றால் கம்பியை அடக்க முடியாது. 1960களின் போக்கில் அது போய், கம்பிக்குக் கீழே முழுதும் அடங்கும் பிக்கப் வந்துவிட்டது.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில் தெருமேடைகளில் வாசிக்கிறோம். ஃபெண்டர் ஜாஸ் பேஸில் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் 'உம்ம்' என்று இரைச்சல். ஆம்பில் பேஸ் குமிழைக் குறைத்தும் போகவில்லை.
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

போகாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். உங்கள் ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட், ஜி ஸ்வரம், 49 ஹெர்ட்ஸ். இரைச்சலைக் குறைக்கப் போனால் ஸ்வரமும் சேர்ந்து போகும்.

சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் என்பது ஒரு ஆன்டெனா மாதிரி. டிரான்ஸ்ஃபார்மர், சீரியல் பல்பு டிம்மர், டியூப் லைட் சோக் எல்லாவற்றின் காந்தப் புலத்தையும் அது வாங்கும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் சுற்றில் எதிரெதிர், காந்தத் துருவத்திலும் எதிரெதிர். இரண்டையும் சமமாகத் திறந்தால் கம்பியின் சிக்னல் கூடும், இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும். ஒன்றை மூடியதும் அந்தத் துணை போய்விடுகிறது. 1957க்குப் பிந்தைய பிரிசிஷன் பேஸில் பிக்கப்பை இரண்டாக வெட்டி வைத்ததும் இதே கணக்குதான்.

மேடையில் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றித் திரும்புங்கள். ஒரு கோணத்தில் இரைச்சல் வெகுவாகக் குறைந்தால் அது காந்த இரைச்சல். ஆம்பிலிருந்தும் லைட் போர்டிலிருந்தும் தள்ளி, அந்தக் கோணத்தில் நின்று வாசியுங்கள். காசு செலவழிக்கலாம் என்றால், அதே அளவில் இரண்டு காயில் உள்ள ஜாஸ் பிக்கப் கிடைக்கிறது. கோணம் மாறியும் மாறாமல், கம்பியைத் தொட்டால் குறைகிறது என்றால் பிக்கப் உட்காரும் குழிக்குள் தாமிரப் பட்டை ஒட்ட வேண்டும். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் பற்றுவைத்து, மூலைக்கு மூலை மீட்டரில் 1 ஓமுக்குக் கீழே காட்டுகிறதா என்று பார்த்து, எர்த்தில் சேருங்கள். தாமிரப் பட்டை 'கிர்ர்' சத்தத்தைத்தான் தடுக்கும். 'உம்ம்' சத்தத்தைத் தடுக்காது. தொட்டால் இரைச்சல் கூடுகிறதா? பிரிட்ஜுக்கு (பாடியில் கம்பிகளைத் தாங்கும் உலோகத் தகடு) அடியில் போகும் எர்த் வயர் விட்டிருக்கும்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறோம். இரைச்சல் போகட்டும் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றுகிற பழக்கம் நம் மேடைகளில் இருக்கிறது. மைக் ஒரு பேஸிலும் ஆம்ப் வேறு பேஸிலும் (மின்சாரப் பேஸைச் சொல்கிறோம்) ஓடுகிற ஜெனரேட்டர் மேடையில் உதடு மைக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. வாசிக்கும் முன் கம்பிக்கும் மைக் வலைக்கும் இடையே மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பாருங்கள்.

பிரிசிஷன் பேஸ் பிக்கப் செத்துவிட்டது. மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் கொடுத்துச் சுற்றலாமா?
– அம்மாபேட்டை வாசகர்

சுற்றலாம். கொடுக்கும் முன் அது நிஜமாகவே செத்ததா என்று பாருங்கள். இரண்டு பாதியும் சேர்த்து 10 முதல் 11 கிலோ ஓம் காட்ட வேண்டும்; ஒவ்வொரு பாதியும் 5 சொச்சம். இரண்டும் தொடராக இருப்பதால் ஒன்று அறுந்தாலே மொத்தமும் ஊமை. எது அறுந்தது என்று தனித்தனியாகப் பாருங்கள். வெயிலையும் கணக்கில் எடுங்கள்: தாமிரத்தின் தடை ஒரு டிகிரிக்கு 0.4 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 5.2 காட்டுகிற பாதி, சேலத்து மே மாத 38 டிகிரியில் 5.6ஐத் தொடும். அது பழுதில்லை.

பாதி கேஸ்களில் அறுந்தது காயிலுக்குள்ளே இல்லை. வயர் சேரும் கண்ணிக்கு வரும் வெளி நுனியில். வியர்வை பட்டுப் பச்சை பூத்திருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்து, ஒரு சுற்றைப் பிரித்து, எனாமலைச் சுடுமுனையால் எரித்துப் பற்றவைத்தால் போதும்.

உள்ளேயே அறுந்திருந்தால் மறுபடி சுற்றத்தான் வேண்டும். பட்டறைக்காரர் அன்றாடம் தொடும் கம்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே வேண்டியது எஸ்.டபிள்யூ.ஜி. (கம்பித் தடிமன் எண்) 46, அதாவது 0.061 மி.மீ.; தலைமுடி அளவு. எழுபது எண்பது கிராம் இழுத்தாலே அறும். இருபது முப்பது கிராம் இழுவையில், விரலிடையே ஃபெல்ட் துணி வைத்து ஓட விட வேண்டும். ஒரு பாதிக்குள் மட்டும் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகும். சுற்றும் முன் காந்தக் கம்பங்களின் மேல் ஒரு சுற்று மெல்லிய டேப் ஒட்டச் சொல்லுங்கள். துருப்பிடித்த காந்தம்தான் பழைய கம்பியை அரித்திருக்கும்.

திசை முக்கியம். பழைய காயில் எந்தப் பக்கம் சுற்றியிருந்தது என்று அம்புக்குறி போட்டு வையுங்கள். ஜாஸ் பேஸில் திசை மாறினால் இரண்டு பிக்கப்பும் சேரும்போது சத்தம் மெலிந்து உடனே காட்டிக்கொடுக்கும். பிரிசிஷனில் ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனிக் கம்பிகள் என்பதால் வாசிப்பில் ஒன்றும் தெரியாது. இரைச்சல் மட்டும் அழியாமல் இரட்டிப்பாகும். அப்படி ஆனால் அந்தப் பாதியின் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள்.

கடைசியில் மெழுகுக் குளியல். பாரஃபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. இட்லிப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் இன்னொரு பாத்திரத்தில் 60 முதல் 65 டிகிரியில் உருக்கி, குமிழி வருவது நிற்கும் வரை பிக்கப்பை முக்க வேண்டும். கால் மணி, இருபது நிமிடம் ஆகும். நேரடித் தீயில் வைக்காதீர்கள். இதைச் செய்யாவிட்டால் சத்தம் கூட்டும்போது காயில் அதிர்ந்து கீச்சிடும்.

எங்கள் காப்பித் தோட்டத்தில் அறுத்துப் போட்ட சில்வர் ஓக் பலகை இருக்கிறது. அதில் நெக்-த்ரூ பேஸ் செய்யலாமா?
– ஏற்காடு, நாகலூர் வாசகர்

இறக்கைக்கு ஆகும், நெக்குக்கு ஆகாது. மிளகுக் கொடி ஏற்றவும் காப்பிக்கு நிழல் தரவும் வளர்ந்த மரம். நெக்காக நின்று 80 கிலோவைத் தாங்கும் விறைப்பு அதற்குக் கிடையாது. ஆனால் ஆரப்போக்கில் அறுத்தால் பட்டுப் புடவை போலப் புள்ளி மினுங்கும். இறக்கைக்கு அதைவிட அழகு வேறில்லை.

நெக் கட்டைக்குத் தேக்கில் 20 மி.மீ. பட்டை மூன்று, இடையே வேங்கையில் 5 மி.மீ. பட்டை இரண்டு. மொத்தம் 70 மி.மீ. அகலம், நீளம் 1,170, கனம் 40. பக்கத்துப் பட்டைகளின் ரேகை எதிரெதிர்ப்பக்கம் சாய வேண்டும். தேக்கில் எண்ணெய் இருக்கிறது. பசை தடவும் முன் தின்னர் துணியால் துடைக்காவிட்டால் ஒட்டு விடும். ஒட்டி ஒரு நாள் கிளாம்ப், பிறகு இரண்டு வாரம் சும்மா கிடக்கட்டும். கட்டை முறுக்குவதென்றால் அப்போதே முறுக்கட்டும். ஃபிங்கர்போர்டுக்கு ஈட்டி வேண்டுமானால் பில்லோடு டிப்போவில் வாங்குங்கள். சொந்தத் தோட்டத்து மரமானாலும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது.

எல்லோரும் கோட்டை விடுகிற இடம் உயரக் கணக்கு. போல்ட்-ஆன் என்றால் நெக் அடியில் ஒரு சீட்டு வைத்துச் சமாளிக்கலாம். இங்கே அது முடியாது. ஃபிங்கர்போர்டு 6, ஃப்ரெட் 1.2, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 2.3 மி.மீ. உயரம் வைத்தால் பிரிட்ஜில் ஃப்ரெட் மட்டத்துக்கு மேல் 4.2. கூட்டினால் பாடிக்கு மேல் 11.4 மி.மீ. சாதாரண பிரிட்ஜின் சேடிலை (கம்பி உட்காரும் துண்டு) முழுக்க இறக்கினால்தான் இந்த உயரம் வரும். அப்புறம் இறக்க இடமில்லை. அதனால் நடுக்கட்டையின் நெக் பகுதியை, பிரிட்ஜ் உட்காரும் மட்டத்தைவிட 3 மி.மீ. மேலே இருக்கும்படி இழைத்துக்கொள்ளுங்கள். 14.4 ஆகிவிடும், ஏற்றவும் இறக்கவும் வழியிருக்கும். பிரிட்ஜைக் கையில் வைத்து அளந்த பிறகே மரத்தில் ரம்பம் வையுங்கள்.

சேலத்தில் சரியாக இருக்கும் பேஸ், ஏற்காட்டுக் கச்சேரிக்குப் போனால் கம்பி ஃப்ரெட்டில் உரசுகிறது. ஏன்?
– ஃபேர்லேண்ட்ஸ் வாசகர்

இருபது கொண்டை ஊசி ஏறி 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்துக்குள் போகிறீர்கள். குளிரும் ஈரமும் மாறினால் நெக்கின் வளைவும் மாறும். போனதும் உறையைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் விட்டு, பிறகு சுருதி சேருங்கள். ஒரே நாள் கச்சேரிக்கு ட்ரஸ் ராடை (நெக்குக்குள் ஓடி வளைவைத் திருத்தும் இரும்புக் கம்பி) தொடாதீர்கள். ஒரு வாரம் தங்குவதாக இருந்தால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), கடைசி ஃப்ரெட்டில் விரல், ஏழாவதில் 0.3 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு போகும் அளவு. இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கம் கால் சுற்று, ராத்திரி விட்டு மறுநாள் மறுபடி.

பழைய ரிக்கன்பேக்கர் 4001 காப்பி ஒன்று விலைக்கு வருகிறது. நெக்-த்ரூதானா என்று எப்படிப் பார்ப்பது?
– ஆத்தூர் வாசகர்

பின்பக்கம் திருப்புங்கள். நாலு ஸ்க்ரூவும் தகடும் இருந்தால் போல்ட்-ஆன். காப்பிகளில் பல அப்படித்தான். தகடு இல்லையென்றால் கீழ் ஸ்ட்ராப் குமிழ் இருக்கும் முனையைப் பாருங்கள். நடுக்கட்டையின் இரண்டு ஒட்டுக்கோடும் அங்கே தெரிய வேண்டும். மேலே கெட்டிப் பெயின்ட் அடித்திருந்தால் பிக்கப்பைத் தூக்கி, குழியின் சுவரில் அந்தக் கோடு ஓடுகிறதா என்று டார்ச் அடியுங்கள். பார்க்க விடாதவரிடம் நெக்-த்ரூ விலை கொடுக்காதீர்கள்.