மாட்டுக்கு என்ன ஊசி போட்டீர்கள்?

(கால்நடை மருத்துவர் பதில்கள்)

கேள்வி: எங்கள் பசு நோயில் செத்துவிட்டது. அந்தக் காலத்தில் காட்டோரம் போட்டால் பிணந்தின்னிக் கழுகுகள் வந்து முடித்துவிடும் என்பார் மாமனார். இப்போது புதைக்கச் சொல்கிறார்கள். கழுகைக் காப்பாற்றவும் வேண்டுமாம், அதன் இரையை மண்ணில் போடவும் வேண்டுமாம். என்ன நியாயம் இது?
- ஒரு வாசகி, சத்தியமங்கலம்

பதில்: கோபம் சரிதான். ஆனால் கடைசி வாரத்தில் பசுவுக்கு என்ன ஊசி போட்டீர்கள் என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே அம்மா!

டைக்ளோஃபீனாக் என்ற வலி ஊசியை நானும் போட்டிருக்கிறேன். படுத்த மாடு சாயங்காலம் எழுந்து தவிட்டுத்தண்ணீர் குடிக்கும். வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடுவார். அதே மாடு இரண்டொரு நாளில் செத்துப்போனால், மருந்து ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுக்கு (நீங்கள் சொல்லும் பிணந்தின்னிக் கழுகுதான்) சிறுநீரகம் போய்விடும். அப்படிச் செத்த ஒன்றை அறுத்தபோது பக்கத்தில் நின்றேன். யூரிக் அமிலம் படிந்து, ஈரலும் இதயமும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தன. அன்றைக்கு ராத்திரி, அதுவரை எத்தனை ஊசி போட்டிருப்பேன் என்று எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன்.

1990-களின் தொடக்கத்தில் நாட்டில் இருந்த வெண்முதுகுப் பாறுகளில், 2007-இல் ஆயிரத்துக்கு ஒன்றுதான் மிஞ்சியது. 2006-இல் அந்த மருந்தை மாடுகளுக்குத் தடை செய்தார்கள். உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பிகள் தொழுவத்துக்கு வந்தன (நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா!). 2015-இல் அந்தக் குப்பியின் அளவையும் 3 மி.லி.யாகக் குறைத்தார்கள். 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபீனாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளையும் மாடுகளுக்குப் போடத் தடை வந்தது.

அதனால், வலி ஊசி போட்ட மாடு செத்தால் ஆழமாகப் புதைத்துவிடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் மெலாக்சிகாம் என்ற வலி மருந்து போதுமா என்று கேளுங்கள். பாறுக்கு அது கெடுதல் செய்யாது. இன்னொன்று, புலி அடித்த மாட்டின்மேல் ஆத்திரத்தில் விஷம் தெளிக்க யாரையும் விடாதீர்கள். புலிக்கு வைத்தது பாறுக்கூட்டத்தையே சாய்த்துவிடும்.

கேள்வி: முதுமலை, சத்தியமங்கலம் எல்லாம் புலிகள் காப்பகம் ஆகிவிட்டதே, காடு பத்திரம்தானே?
- ஒரு வாசகர், கோவை

பதில்: பாறுக்குக் காடு வேண்டும்தான். மோயாற்றங்கரை நீர்மருது மரங்களின் உச்சியில்தான் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. வருடத்துக்கு ஒரே முட்டை. 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எண்ணியபோது எல்லா வகைப் பாறும் சேர்த்து 246 தான். ஆனால் இரை தேடிக் கிளம்பினால் ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். காப்பக எல்லைக்கல் அதன் கண்ணுக்குத் தெரியுமா? காட்டுக்குள்ளும் ஒரு தொல்லை இருக்கிறது. உண்ணிச்செடி புதராய் மண்டிய இடத்தில் செத்த மான் கிடந்தாலும் பாறால் இறங்க முடியாது. கனத்த உடம்பு, ஓடி எழும்ப வெட்டவெளி வேண்டும்.

கேள்வி: பாறும் கழுகும் ஒன்றா?
- ஒரு மாணவர், பொள்ளாச்சி

பதில்: இல்லை தம்பி. கழுகு உயிருள்ளதை அடித்துப் பிடிக்கும். பாறின் காலில் அந்தப் பிடி கிடையாது, செத்ததுதான் அதற்குச் சாப்பாடு. பேச்சில் இரண்டையும் கழுகு என்றே சொல்லிவிடுகிறோம். திருக்கழுக்குன்றத்துக் கோயிலில் குருக்கள் கையால் சோறு வாங்கித் தின்ன வந்தவைகூட மஞ்சள்முகப் பாறுகள்தான். இப்போது அவை வருவதில்லை.