முதலில் வந்தவர்தான் ஆளவேண்டுமா? கனடா மாகாணத் தேர்தல் கேள்வி-பதில்

பெரும்பான்மை கிடைக்காத தேர்தல் என்றாலே கடிதங்கள் கொட்டும். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எண்களைப் படிக்கும்போது ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம்: சபாநாயகரைக் கழித்துவிட்டுக் கூட்டுங்கள். வாக்குகள் சமமானால்தவிர அவர் வாக்களிப்பதில்லை. இதைக் கீழே இன்னும் சில தடவை சொல்வேன்.

எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லையென்றால், புதிய அரசு அமையும்வரை மாகாணத்தை ஆள்வது யார்? (மார்க்கம் வாசகர்)

ஏற்கனவே இருக்கும் முதல்வரும் அமைச்சரவையும்தான். தேர்தல் முடிந்த இரவே நாற்காலி காலியாகிவிடுவதில்லை. முதல்வர் பதவி விலகும்வரை அரசு உண்டு. பெரிய நியமனங்களிலும் புதிய ஒப்பந்தங்களிலும் கைவைக்காமல் அன்றாட வேலையை மட்டும் பார்ப்பது மரபு.

1985இல் ஒன்ராறியோவில் லிபரலும் என்.டி.பி.யும் (புதிய ஜனநாயகக் கட்சி) கூட்டணி ஆட்சி நடத்தியதாக நண்பர் சாதிக்கிறார். சரியா? (ஸ்கார்பரோ)

சரியில்லை. அது வெளியிலிருந்து கொடுத்த ஆதரவு. லிபரல் முதல்வர் டேவிட் பீட்டர்சனின் அமைச்சரவையில் என்.டி.பி.க்காரர் ஒருவர்கூடக் கிடையாது. என்.டி.பி. தலைவர் பொப் ரே இரண்டு ஆண்டுகளுக்கு அரசைக் கவிழ்ப்பதில்லை என்று கையெழுத்திட்டார். பதிலுக்கு நிறைவேற்றவேண்டிய வேலைகளின் பட்டியல் ஒன்றை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

கூட்டணி என்றால் அமைச்சர் பதவிகளைப் பங்கிடவேண்டும், அமைச்சரவை எடுக்கும் முடிவுகளின் பழியையும் சேர்ந்து சுமக்கவேண்டும். நம் மாகாணங்களில் அது அபூர்வம். 1919இல் ஒன்ராறியோவில் விவசாயிகள் கட்சியும் தொழிற்கட்சியும் சேர்ந்தன. 1941இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் லிபரலும் கொன்சர்வேட்டிவும் இடதுசாரிகளைத் தள்ளிவைப்பதற்காகவே சேர்ந்து பத்தாண்டு ஓட்டினார்கள். அண்மைக்கால உதாரணம் சஸ்காச்சுவான், 1999. 58 இடங்களில் என்.டி.பி. 29. பாதி இருந்தும் பெரும்பான்மை இல்லை. முதல்வர் றோய் ரோமனோவ் லிபரல் உறுப்பினர் நால்வரில் மூவரை இழுத்தார்: இருவருக்கு அமைச்சர் பதவி, ஒருவருக்குச் சபாநாயகர் நாற்காலி. அந்த மூன்றாவது ஏற்பாட்டைக் கவனியுங்கள், மிகக் கெட்டிக்காரத்தனமானது: சபாநாயகர் நாற்காலிக்காக என்.டி.பி. தன் வாக்கு ஒன்றை இழக்கவில்லை. பிறகு லிபரல் கட்சியே வெளியேற முடிவெடுத்தது. தலைவராக இருந்தவரோ கட்சியை விட்டார், அமைச்சர் பதவியை விடவில்லை.

எங்கள் மாகாணத்தில் இனி என்ன நடக்கும்? உடன் பதில் தேவை. (ஊர் எழுதாதவர்)

எந்த மாகாணம்? பத்து இருக்கின்றன. எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்றும் எழுதவில்லை. மாகாணம், மொத்த இடங்கள், கட்சிவாரி எண்ணிக்கை, தற்போதைய முதல்வர் எந்தக் கட்சி என்ற நான்கும் இல்லாத கடிதத்துக்கு என்னால் பதில் எழுதமுடியாது.

2024இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் என்.டி.பி. 93க்கு 47 எடுத்தது. அது பெரும்பான்மைதானே? பிறகு ஏன் பசுமைக் கட்சியோடு உடன்படிக்கை? (சர்ரே)

சபாநாயகரைக் கழியுங்கள். 47இல் ஒருவர் சபாநாயகரானால் 46. எதிரே கொன்சர்வேட்டிவ் 44, பசுமை 2, அதுவும் 46. ஒரு உறுப்பினருக்குக் காய்ச்சல் வந்தாலே அரசுக்குக் காய்ச்சல். என்.டி.பி. முதல்வர் டேவிட் ஈபி டிசம்பரில் பசுமைக் கட்சியின் இருவரோடு பேசி முடித்தது அதனால்தான். அப்படியும் 2025 மே மாதத்தில் ஒரு மசோதா 46க்கு 46 என்று நின்று, சபாநாயகரின் வாக்கால் தப்பியது.

2017இல் இதே மாகாணத்தில் நடந்தது இன்னும் சுவையானது. என்.டி.பி.யும் பசுமையும் சேர்ந்து 87க்கு 44. தங்கள் பக்கத்திலிருந்து ஒருவரைச் சபாநாயகராக்கினால் இருபக்கமும் சமம். எதிர்பாராமல் லிபரல் உறுப்பினர் டரில் பிளேக்கஸ் அந்த நாற்காலியை ஏற்றார். அவருடைய கட்சி அவரை வெளியேற்றியது, அரசு மூச்சுவிட்டது.

முதலிடம் வந்த கட்சியை ஒதுக்கிவிட்டு இரண்டாவதும் மூன்றாவதும் வந்தவர்கள் சேர்ந்து ஆட்சியைத் திருடுவது ஜனநாயகமா? துணைநிலை ஆளுநர் (மாகாணத்தில் மன்னரின் பிரதிநிதி) இதற்கு எப்படி உடந்தையாகலாம்? (பிராம்ப்டன், மிசிசாகா, பர்னபி, இன்னும் பலர்)

பெரும்பான்மையில்லாத தேர்தல் ஒவ்வொன்றின் பின்னும் இந்தக் கடிதம் தவறாமல் வரும். எழுதுபவர் தவறாமல் முதலிடம் வந்த கட்சியின் ஆதரவாளராக இருப்பார். அடுத்த தேர்தலில் அவருடைய கட்சி இரண்டாவது வந்தால் கடிதம் நின்றுவிடும். இதற்குப் பதில் எழுதி எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன்.

உங்கள் வாக்குச்சீட்டில் முதல்வரின் பெயர் இருக்காது. (அவருடைய தொகுதியில் நீங்கள் வசித்தாலொழிய.) நீங்கள் தேர்ந்தெடுப்பது ஒரு தொகுதி உறுப்பினரை. அந்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் யாரைத் தாங்குகிறார்களோ அவர் முதல்வர். முதலிடத்துக்குப் பரிசு கொடுக்கும் விதி எந்த மாகாணத்திலும் இல்லை. இரண்டாவது வந்த முதல்வர்கூட, சபையைச் சந்தித்துப் பார்க்கிறேன் என்று உட்கார்ந்திருக்க உரிமை உள்ளவர்.

ஒன்ராறியோ 1985க்கே வருவோம். கொன்சர்வேட்டிவ் 52, லிபரல் 48, என்.டி.பி. 25. முதலிடம் கொன்சர்வேட்டிவ் முதல்வர் பிராங்க் மில்லருக்கு. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆண்ட கட்சி, விடமனமில்லை, சபையைக் கூட்டினார். ஜூன் 18 அன்று 72க்கு 52 என்று விழுந்தார். (73 அல்ல, 72. சபாநாயகரைக் கழித்துவிட்டேன்.) திருட்டு எங்கே நடந்தது? 125 தொகுதிகளில் 73 தொகுதிகள் மில்லரின் கட்சி வேண்டாம் என்றிருந்தன. மொத்த வாக்குகளிலும் லிபரல்தான் மயிரிழை முன்னால் இருந்தது. இதைச் சொன்னால் கடிதக்காரர்கள் பேச்சை மாற்றுவார்கள்.

நியூ பிரன்ஸ்விக், 2018. கொன்சர்வேட்டிவ் 22, ஆண்டுகொண்டிருந்த லிபரல் 21, பசுமை 3, மக்கள் கூட்டமைப்பு 3. முதல்வர் பிரையன் கலன்ட் இடங்களில் இரண்டாவது. வாக்குகளில் ஏறத்தாழ 38 சதவீதத்தோடு முதலாவது, அடுத்தவருக்கு 32தான். பதவி விலகாமல் சபைக்குப் போனார். நவம்பர் 2 அன்று 25க்கு 23 என்று தோற்றார், கொன்சர்வேட்டிவ் தலைவர் பிளேன் ஹிக்ஸ் வந்தார். கலன்ட் ஐந்து வாரம் உட்கார்ந்திருந்ததும் முறை, தோற்றவுடன் எழுந்துபோனதும் முறை. அன்று "கலன்ட் ஏன் இன்னும் போகவில்லை" என்று எழுதியவர்கள், அதற்கு முந்திய ஆண்டு பிரிட்டிஷ் கொலம்பியா முதல்வர் கிறிஸ்டி கிளார்க் அதையே செய்தபோது கைதட்டியவர்கள்.

கிளார்க்கின் கதைதான் ஆளுநர் கேள்விக்கும் பதில். 2017 மே தேர்தலில் அவருடைய லிபரல் 43, என்.டி.பி. 41, பசுமை 3. மே முடிவதற்குள் என்.டி.பி. தலைவர் ஜோன் ஹோர்கனும் பசுமைத் தலைவர் அன்ட்ரூ வீவரும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். கிளார்க் ஜூனில் சிம்மாசன உரையை (அரசின் திட்டங்களைச் சபையில் அறிவிக்கும் உரை) வாசிக்கவைத்தார். அதில் எதிராளிகளின் வாக்குறுதிகளையே அள்ளிப்போட்டிருந்தார், படித்தவர்கள் சிரித்தார்கள். 29ஆம் தேதி 44க்கு 42 என்று தோற்றார். சபையைக் கலைத்து மறுதேர்தல் நடத்தும்படி துணைநிலை ஆளுநர் ஜூடித் குய்ஷோனிடம் கேட்டார். அவர் மறுத்து ஹோர்கனை அழைத்தார். தேர்தல் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 44 பேர் ஆதரவுடன் மாற்று அரசு வாசலில் நிற்கிறது. இந்த இரண்டும் இருக்கும்போது மறுதேர்தலுக்கு ஒப்புவதுதான் கேள்விக்குரியதாக இருந்திருக்கும். உடந்தை என்று எழுதியவர்கள் ஆளுநர் வேறென்ன செய்திருக்கவேண்டும் என்று எழுதவில்லை. ஹோர்கனின் அரசு மூன்றாண்டு தாண்டியது.

இந்தக் கோபத்துக்கு விதை போடுவது தேர்தல் இரவில் "வெற்றி" என்று பெயரும் படமும் போட்டுவிடும் தொலைக்காட்சிகள். எண்ணி முடிக்காத வாக்கு எத்தனை என்று கீழே பொடி எழுத்தில் ஓடும், யாரும் படிப்பதில்லை. 2017இல் கோர்ட்னி-கோமொக்ஸ் தொகுதியில் அன்றிரவு வித்தியாசம் 9 வாக்கு. தபால் வாக்குகளும் எண்ணி முடிந்தபோது 189. 2024இல் அன்றிரவு என்.டி.பி. 46 என்றார்கள், முடிவில் 47. அந்த ஒரு இடம் சர்ரே கில்ட்ஃபோர்டில் இருபத்துச் சொச்சம் வாக்குகளால் கிடைத்தது. இறுதி எண்ணிக்கை வரும்வரை கூட்டாதீர்கள். வந்தபிறகு, தெரியுமே, சபாநாயகரைக் கழியுங்கள்.

தமிழ்நாட்டில் கட்சி மாறினால் பதவி போகும். இங்கே? (ஏஜாக்ஸ்)

போகாது. எழுந்து எதிர்வரிசையில் போய் அமரலாம், இடம் அவருடையதே. மனிடோபாவில் மட்டும் சில ஆண்டுகள் ஒரு தடைச் சட்டம் இருந்தது, பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே மெல்லிய பெரும்பான்மை உள்ள முதல்வர் தன் பின்வரிசையைப் பார்த்துத்தான் அதிகம் பயப்படவேண்டும்.

அதே மனிடோபாவில் 1988 மார்ச்சில் ஹவார்ட் போலியின் என்.டி.பி. பெரும்பான்மை அரசு வரவு செலவுத் திட்ட வாக்கெடுப்பில் கவிழ்ந்தது. கவிழ்த்தது அவருடைய சொந்தக் கட்சி உறுப்பினர் ஜிம் வால்டிங். அமைச்சராக்கப்படாத ஆள், முன்னாள் சபாநாயகர். அடுத்த தேர்தலில் என்.டி.பி. 30இலிருந்து 12க்கு இறங்கியது.

அரசு கொண்டுவரும் எந்த மசோதா தோற்றாலும் ஆட்சி கவிழுமா? (வாட்டர்லூ)

இல்லை. சிம்மாசன உரை, வரவு செலவுத் திட்டம், நம்பிக்கையில்லாத் தீர்மானம், அரசு தானே நம்பிக்கைக்குரியது என்று அறிவித்த மசோதா: இவற்றில் தோற்றால்தான்.

ஆதரவு உடன்படிக்கையை ஒருவர் மீறினால் நீதிமன்றம் போகலாமா? (விக்டோரியா)

அதை அரசியல் வாக்குறுதியாக நினையுங்கள். சட்ட ஒப்பந்தமாக நினைக்காதீர்கள். ஹோர்கன் 2017இல் அடுத்த குறித்த தேர்தல் 2021 வரை சபையைக் கலைக்கக் கேட்கமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தவர். 2020 செப்டெம்பரில் கருத்துக்கணிப்பு நன்றாக இருந்தது, கலைத்துவிட்டார். பசுமைக் கட்சிக்குப் புதிய தலைவர் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மக்கள் தண்டித்தார்களா? 57 இடம் கொடுத்தார்கள். கையெழுத்தை நம்பாதீர்கள், தேர்தல் வந்தால் யாருக்கு நட்டம் என்று பாருங்கள். அந்தப் பயம் இருக்கும்வரைதான் உடன்படிக்கை.

ஆதரவு கொடுக்கும் சிறிய கட்சிக்கு என்ன லாபம்? கடைசியில் அழிந்துதானே போகிறது? (ஒட்டாவா)

சட்டங்கள் லாபம், இடங்கள் நட்டம். 1985 உடன்படிக்கையால் மருத்துவர்கள் மேலதிகக் கட்டணம் வாங்குவது தடைசெய்யப்பட்டது (அதற்காக மருத்துவர்கள் 1986இல் வேலைநிறுத்தமே செய்தார்கள்), சம ஊதியச் சட்டம் வந்தது. 1987இல் பெயரைப் பீட்டர்சன் எடுத்துக்கொண்டார்: 130க்கு 95. என்.டி.பி. 25இலிருந்து 19. ஆனால் 1990இல் அதே பொப் ரே பெரும்பான்மையோடு முதல்வரானார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்; அழிவு என்று முடிவுகட்ட வேண்டாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பசுமைக் கட்சியின் ஆதரவுக் காலத்தில் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கட்சிகளுக்குப் பணம் கொடுப்பது நின்றது. அவர்கள் மிகவும் விரும்பிய விகிதாசாரத் தேர்தல் முறையோ 2018 பொதுவாக்கெடுப்பில் விழுந்தது. உள்ளே போய்ப் பதவி வாங்கிய சஸ்காச்சுவான் லிபரல் கட்சிக்குத்தான் உண்மையான அழிவு: 2003இல் பூச்சியம்.

இரு கட்சிகளும் சமமாக வந்தால்? (மொன்றியல்)

கட்சிகள் சமமானால் மேலே சொன்ன வழிதான்: இருக்கும் முதல்வர் முயன்று பார்ப்பார். 1998இல் நோவா ஸ்கோஷியாவில் லிபரல் 19, என்.டி.பி. 19. லிபரலின் ரசல் மக்லெலன் தொடர்ந்தார், அடுத்த ஆண்டே விழுந்தார்.

தொகுதியில் வேட்பாளர்கள் சமமானால் வேடிக்கை. யூகொன் மாகாணம் அல்ல, பிராந்தியம், ஆனாலும் சொல்கிறேன். 2021இல் ஒரு தொகுதியில் இருவருக்கும் 78 வாக்குகள். சீட்டுக் குலுக்கினார்கள். அமைச்சராக இருந்த லிபரல் பெண்மணி தோற்றார். முடிவில் லிபரல் 8, யூகொன் கட்சி 8, என்.டி.பி. 3. லிபரல் அரசைத் தாங்க என்.டி.பி.யோடு எழுத்தில் உடன்படவேண்டி வந்தது.

இதைவிட மோசம் நியூபவுண்ட்லாந்து, 1971. கொன்சர்வேட்டிவ் 21, ஜோய் ஸ்மால்வூட்டின் லிபரல் 20, மற்றவர் 1. ஒரு தொகுதியில் வித்தியாசம் எட்டே வாக்கு. மறுபடி எண்ணலாம் என்று போனால் சாலிஸ் கோவ் என்ற ஊரின் வாக்குச்சீட்டுகளை எரித்துவிட்டிருந்தார்கள். வழக்கு 1972 ஜனவரிவரை இழுத்தது, அதுவரை ஸ்மால்வூட் முதல்வர்.

அல்பர்ட்டாவில் கடைசியாகச் சிறுபான்மை அரசு எப்போது? (கல்கரி)

ஒருபோதும் இல்லை. 1905இலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் யாரோ ஒருவருக்குப் பெரும்பான்மை கொடுத்துவிட்டார்கள்.