பிரிஜித்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் அயர்லாந்தின் கில்டேரில் நர்ஸ் வேலை பார்க்கிறோம். மகள் பிறந்து மூன்று வாரம். இந்த ஊரின் நினைவாக ‘பிரிஜித்’ என்று பெயர் வைக்க ஆசை. ஓர் இணையதளம் ‘நெருப்பு அம்பு’ என்று பொருள் சொல்கிறது, இன்னொன்று ‘வலிமை’ என்கிறது. எது சரி? மாமியார் எண்கணிதம் பார்க்கச் சொல்கிறார். அது வேலைக்காரிப் பெயர் என்று தோழி ஒருத்தி முகம் சுளித்தாள்.

ம.

அன்புள்ள ம.,

குழந்தைக்கு என் ஆசிகள். நெருப்பு அம்பு என்பது, கி.பி. 900 வாக்கில் கோர்மாக் என்ற ஐரிஷ் மன்னர் பெயரில் தொகுக்கப்பட்ட சொல்லகராதி அந்தப் பெயரை இரண்டாகப் பிய்த்துச் சொன்ன பொருள். அழகான கற்பனை, அவ்வளவுதான். வேர்ப்பொருள் ‘உயர்ந்தவள்’. சமஸ்கிருதத்தின் ‘பிருஹதீ’ இதற்கு உடன்பிறந்த சொல். தஞ்சைப் பெரிய கோயில் அம்மனைப் பிருகந்நாயகி என்கிறோமே, அதில் இருப்பதும் இதே வேர்தான். தமிழில் அவள் பெரியநாயகி. எண்கணிதத்தை விடுங்கள்.

உங்கள் தோழி சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. வேலைக்காரிப் பெயராம்! கவிஞர்களின் தெய்வத்துக்கு இருந்த பெயர் அது. அப்புறம் நீங்கள் இருக்கும் ஊரில் மடம் நிறுவிய புனிதையின் பெயர். அவள் நினைவாகப் பத்தொன்பது கன்னியர் முறைவைத்து ஒரு தீயைக் காத்தார்கள். இருபதாம் இரவு அவளே வந்து காப்பாள் என்று நம்பினார்கள். பழங்காலத்தில் அந்தப் பெயரை அப்படியே வைக்கக் கூசி, ‘பிரிஜித்தின் அடியான்’ என்று ஆண்பிள்ளைகளுக்கு வைத்தார்கள்.

1845இல் தொடங்கிய பஞ்சத்துக்குப் பிறகு, ஐரிஷ் பெண்கள் கூட்டம் கூட்டமாக அமெரிக்காவுக்கு வீட்டு வேலைக்குப் போனார்கள். அங்கே எந்த ஐரிஷ் வேலைக்காரப் பெண்ணையும், பிரிஜித்தின் ஆங்கில வடிவமான ‘பிரிட்ஜெட்’, அதன் சுருக்கமான ‘பிடி’ என்றே கூப்பிட்டார்கள். அவள் பெயர் என்ன என்று கேட்கக்கூட இல்லை. வெட்கப்பட்டு டெலியா என்று மாற்றிக்கொண்டவர்களும் உண்டு. பெயரில் என்ன குறை? கூப்பிட்ட வாயில்தான் குறை.

எங்கள் வீட்டில் செல்லம்மா என்று ஒருவர் வேலை செய்தார். அவர் நின்றபின் வந்தவரையும் பாட்டி செல்லம்மா என்றே கூப்பிட்டார். நாங்களும் கூப்பிட்டோம், பதினோரு வருஷம். ஒருநாள் ரேஷன் கார்டு விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லிப் பழைய கார்டை நீட்டினார். மடிப்பில் கிழிந்து, மஞ்சள் கறை படிந்த கார்டு. ‘பூங்கோதை’ என்று வாய்விட்டுப் படித்தேன். கையில் துடைப்பத்தோடு சட்டென்று நிமிர்ந்து, “யாரு தம்பி கூப்பிட்டது?” என்று வாசல் பக்கம் பார்த்தார். அதற்குப் பிறகும் பாட்டி மாறவில்லை. நான் சண்டை போட்டிருக்க வேண்டும், போடவில்லை.

அதனால் சொல்கிறேன், தயங்காமல் வையுங்கள். 2023 முதல் பிரிஜித் நாளுக்காக அந்த நாடே பொது விடுமுறை விடுகிறது. இன்றைய ஐரிஷில் ‘ப்ரீத்’ என்பார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. பள்ளியில் யாராவது ‘பிடி’ என்று சுருக்கினால் மட்டும் சும்மா இருக்காதீர்கள். போய்த் திருத்துங்கள், முதல் நாளே.