எந்தப் பூனையை இன்று கொண்டு போவது?

அன்புள்ள ஐயா,

தலவாக்கலைக்கு அருகிலுள்ள ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். எங்கள் வீட்டில் ஐந்து பூனைகள். மூத்த பெட்டைக்குப் பதின்மூன்று வயது. சில மாதங்களாக ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, மெலிந்தும் போய்விட்டது. கடுவனுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டதால் பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு போய்க் குழாய் போட்டு எடுத்தோம். அது தேறுவதற்குள் இரண்டு குட்டிகளுக்கும் தும்மலும் கண்ணில் பீளையும் வந்துவிட்டன. இளைய பெட்டை சினைப்பட்டிருக்கிறதோ என்றும் சந்தேகம். “மனுசருக்கே மருந்தெடுக்கக் கண்டிக்கு ஓட வேண்டிய ஊரில் பூனைக்கு ஓட்டோ பிடிக்கிறாயா?” என்று அம்மா கேட்கிறார். எதற்கு உடனே ஓட வேண்டும், எதைப் பொறுக்கலாம் என்று தெரியாமல் தவிக்கிறேன். நீங்கள் நீண்ட காலமாகப் பூனை வளர்ப்பவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகி,
தலவாக்கலை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மா கேட்பது நியாயமான கேள்விதான். அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாவதற்கு 2024 வரை காத்திருந்த தோட்டங்களின் நடுவே, ஒரு பூனைக்காகப் பேராதனை வரை போய்வந்த செலவைச் சொன்னால் அயலார் முகம் சுளிக்கவே செய்வார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். கையிலுள்ள பணமும் எடுக்கக்கூடிய லீவும் அளவானவை என்பதை வைத்துக்கொண்டே, ஐந்தில் எது முதலில் என்று பார்ப்போம். நான் மிருக வைத்தியன் அல்லன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கடுவனுக்கு வந்ததுதான் ஒரு இரவுகூடப் பொறுக்கக்கூடாத நோய். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. நுண்ணிய உப்புத் துகள்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், வெளியேற வேண்டிய கழிவும் பொட்டாசியமும் இரத்தத்தில் ஏறி, ஒன்றிரண்டு நாட்களுக்குள் இதயத்தையே நிறுத்திவிடும். நம் பக்கத்து வீடுகளில் இதைப் பெரும்பாலும் மலச்சிக்கல் என்றே எண்ணுகிறார்கள். பூனை அடுப்படிச் சாம்பலில் போய்க் குந்துகிறது, முக்குகிறது, ஒன்றும் வராமல் எழுந்து இரண்டடி தள்ளி மறுபடியும் குந்துகிறது, பின்புறத்தை விடாமல் நக்குகிறது, அடித்தொண்டையில் கத்துகிறது. வீட்டார் விளக்கெண்ணெயைப் புகட்டிவிட்டு, விடியட்டும் பார்க்கலாம் என்று படுத்துவிடுகிறார்கள். விடியும்போது அது வாந்தியெடுத்துச் சுருண்டு கிடக்கும். அடிவயிற்றை மெல்லத் தொட்டால் சிறிய தோடம்பழம் போலக் கெட்டியாக ஒன்று கையில் தட்டுப்படும். அதை அமுக்கிப் பார்க்கக்கூடாது, சிறுநீர்ப்பை கிழிந்துவிடும். ஒருமுறை அடைத்த கடுவனுக்கு மறுபடியும் அடைப்பது சாதாரணம், அதிலும் முதல் சில வாரங்களில் அதிகம். ஆகவே அது சிறுநீர் கழித்ததா என்பதைத் தினமும் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். கருவாட்டையும் உலர் தீனியையும் குறைத்து, உப்பில்லாமல் அவித்த மீனை அந்தத் தண்ணீரோடு சேர்த்தே கொடுங்கள். குழாய் போடக்கூடிய வைத்தியர் பேராதனையை விட அருகில், ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இருக்கிறாரா என்று இப்போதே விசாரித்து இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். நடுராத்திரியில் தேடும் காரியமன்று அது.

இதே அவசரம் வேறு சிலவற்றுக்கும் உண்டு. வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையையும், முழுதாக இரண்டு நாட்கள் ஒன்றும் தின்னாத பூனையையும் காத்திருக்க வைக்கக்கூடாது. பட்டினி கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகக் கொழுத்ததற்கு, உடற்கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். நஞ்சு அடுத்தது. எந்த நோவுக்கும் பனடோல் (பரசிட்டமோல்) தரும் டிஸ்பென்சரிப் பழக்கம் நமக்கு ஊறிப்போனது, ஆனால் அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதாது, அரை மாத்திரைகூட ஒரு பூனையைக் கொன்றுவிடலாம். நாய்களின் உண்ணிக்குப் பூசும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் அப்படியே. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் அழகுக்கு வளர்க்கும் லில்லிகளில் சிலவற்றின் மகரந்தத்தை உடம்பிலிருந்து நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும் என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

குட்டிகளின் தும்மலுக்கு இன்றே பேராதனை போக வேண்டியதில்லை, தின்று குடித்துக்கொண்டு இருக்கும் வரை. அது பெரும்பாலும் பூனைகளுக்குள் பரவும் வைரஸ் சளி, மனிதருக்குத் தொற்றாது. மூக்கடைத்தால் மணம் தெரியாமல் சாப்பாட்டை ஒதுக்கும், அதனால் மீனைச் சூடாக்கி வையுங்கள். தனி அறை, தனிக் கிண்ணம், ஈரமில்லாத சாக்கு, வெந்நீரில் நனைத்த துணியால் கண் துடைப்பு ஆகியவை போதும். ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டாலோ, கண் வெண்படலம் போட்டாலோ உடனே கொண்டு போங்கள். தேறியபின் தடுப்பூசிக்கு மறக்காமல் நாள் கேளுங்கள்.

ஐந்தும் ஒரே தட்டில் தின்பதாக எழுதவில்லை, ஆனாலும் அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அதை மாற்றுங்கள். ஒரே தட்டில் வைத்தால் எது தின்னவில்லை என்பது மூன்றாம் நாள்தான் தெரியவரும். பூனையைக் கையில் எடுத்துக்கொண்டு நிறை பார்க்கும் தராசில் ஏறி, பிறகு தனியே ஏறி வித்தியாசத்தைக் கணக்கிட்டு மாதம் ஒருமுறை கொப்பியில் குறியுங்கள். (கொழுந்துத் தராசில் தொங்கவிட்டால் கணக்குப்பிள்ளை சிரிப்பார்.) நான்கு கிலோ பூனையில் 400 கிராம் குறைவது பத்தில் ஒரு பங்கு, கண்ணுக்கு அது தெரியாது. அந்தக் கொப்பியோடு, குந்தி முக்குவதையோ மூச்சு வாங்குவதையோ தொலைபேசியில் படம் பிடித்துக் கொண்டு போனால், சிங்களத்தில் விளக்கத் திணறும் நேரம் மிச்சமாகும்.

செலவைக் குறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கருத்தடைச் சத்திரசிகிச்சை. டின் தீனிக்குப் போகும் பணத்தை முதலில் இதற்கு ஒதுக்குங்கள். சினை ஏறத்தாழ ஒன்பது வாரம், குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினைப்படும். இளைய பெட்டையை இந்த வாரமே உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். வைத்தியர் மாட்டுப் பட்டிகளுக்குப் போகும் நாட்கள் உண்டு, ஆகவே முன்கூட்டியே பேசிவிட்டுப் போவது நல்லது. விசர்நோய்த் தடுப்பூசியைப் பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

மூத்த பெட்டையைக் கடைசியாக வைத்தேன், அவசரம் குறைவு என்பதால். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் சிறுநீரக நோயை நினைவூட்டுகின்றன. சர்க்கரையும் தைரொயிட்டும் அப்படிக் காட்டக்கூடும் என்பதால், பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலையில் ஒருமுறை இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்துவிடுவது பணத்துக்குப் பெறுமதியான பயணம். சிறுநீரகம் என்றால் அது குணமாகாது. பெரும்பகுதி போன பிறகே வெளியே தெரியும். தண்ணீரும் தகுந்த உணவும் கொடுத்து மாதங்களை, சில நேரம் ஆண்டுகளை நீட்டலாம், தோலுக்கடியில் சேலைன் ஏற்றுவதை வீட்டாருக்கே சொல்லித்தரும் வைத்தியர்களும் உள்ளனர். ஆனால் ஒவ்வொரு வாரமும் வளைவுப் பாதையில் கூடைக்குள் அடைத்துத் தூக்கிச் செல்வது அதற்கு வதை. எந்த நிலையில் நிறுத்திக்கொண்டு ஊசி போட்டு விடைகொடுப்பது என்பதை, பரிசோதனை முடிவு கையில் இருக்கும்போதே, அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு வைத்தியரிடம் பேசிவிடுங்கள். மழைக்குள் ஓட்டோ தேடி அலையும் நாளில் அதைப் பேச முடியாது.

அன்புடன்.